முகாம் மக்களுக்காகக் குரல் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வரும் பையன் என் வகுப்பில் இருக்கிறான். அவன் பிறந்தது வேலூரில்தான். ஆனாலும் பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டு கிடையாது. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து அவர்கள் உரிமைக்காக ஏதாவது செய்ய நினைக்கிறோம். முகாம் மக்களோடு கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காரலாமா? கையெழுத்து இயக்கம் நடத்தலாமா? எங்கே ஆரம்பிப்பது?"

நான் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வக்கீல். முகாம் குடும்பங்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கலெக்டர் ஆபீஸ் முன்னால் நீங்கள் தாராளமாக உட்காருங்கள், முகாம் மக்களை உட்கார வைக்காதீர்கள். நம் அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன. அவை குடிமக்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை. சட்டத்தின் முன் சமம் என்கிற 14-ஆம் பிரிவும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21-ஆம் பிரிவும் யாராக இருந்தாலும் பொருந்தும். சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதாவது உங்கள் வகுப்புப் பையனை யாரும் காரணமில்லாமல் பிடித்து வைக்கக் கூடாது, ஆனால் அவன் கொடி பிடித்தால் அவனைக் காப்பாற்ற 19-ஆம் பிரிவு வராது. போராட்டம் முடிந்து நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அவன் வீட்டுக்கு உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீஸ் வரும், முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கூப்பிட்டு விசாரிப்பார், முகாமில் ஆள் கணக்கெடுக்கும் அடுத்த செக்கிங்கில் அவன் அப்பா பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த நிலைமைக்குக் காரணம், இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. கோவாவுக்குச் சுற்றுலா வந்து விசா முடிந்தும் தங்கிவிட்ட ஆளும், 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகேறி ராமேசுவரம் கரையில் இறங்கிய குடும்பமும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டினர் என்ற ஒரே வகைதான். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் போய் இப்போது 2025-ஆம் ஆண்டு குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை ஒன்று முக்கியம். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பயம் தீர்ந்தது, நல்லது. ஆனால் அதைக் குடியுரிமை வந்துவிட்டது என்று சிலர் முகாமில் பரப்பிவிட்டார்கள். வரவில்லை. குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், அது தனி.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன பிறந்த தேதிக்கு வருகிறேன். "முகாம் மக்களுக்குக் குடியுரிமை கொடு" என்று எல்லாரையும் ஒரே வரியில் சேர்த்து மனு எழுதுவதுதான் வெளியாட்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. அந்த மனு எந்த அதிகாரியின் மேஜைக்குப் போனாலும் "கொள்கை முடிவு, மத்திய அரசைச் சார்ந்தது" என்று ஒரு வரி எழுதி மூடிவிடலாம். முகாமுக்குள் இருப்பவர்கள் சட்டப்படி ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒவ்வொருவரின் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் யார் என்பதை வைத்து அவர் வழியே மாறிவிடும்.

இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்னால் வரை பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாடு என்ற கேள்வியே அங்கே எழாது. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் பெருங்கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஆக 1983-க்கும் 1987-க்கும் நடுவில் இங்கே பிறந்த குழந்தைகள் ஒரு சிறு கூட்டமாவது இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவர்களில் பலர் இன்னும் முகாம் அட்டையோடு, அரசு தரும் மாதப் பணக்கொடைக்கு வரிசையில் நிற்கிறார்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தவர், பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர் இந்தியக் குடிமகள்தான் என்று தீர்ப்புச் சொன்னார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்த அம்மா ஓட்டுப் போட்டார். புதுச் சட்டம் எதுவும் வரவில்லை, யாரும் சலுகை தரவில்லை. 1955-லிருந்து இருக்கிற சட்டத்தை ஒருவர் எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனித் தலைவலி உண்டு. அப்போது இது பழைய வடாற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் மிச்சம் இருந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. மின்னூர் முகாம் இன்று திருப்பத்தூர் மாவட்டம், குகையநல்லூர் வேலூர் மாவட்டம். முகாமுக்கு முகாம் மாற்றப்பட்டவர்களும் நிறைய. 1985-ல் பிறந்த ஒருவரின் பிறப்புப் பதிவு எந்த அலுவலகத்தின் எந்தப் பரணில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வழக்கு. மண்டபத்தில் பிறந்தவர்களுக்கு ராமநாதபுரம் போக வேண்டும். வீட்டில் பிறந்தவர்களுக்குப் பதிவே இருக்காது. அப்போது பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவேட்டில் பெயர் சேர்த்த தேதி என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்து, காலம் கடந்த பதிவுக்கு ஆர்.டி.ஓ. உத்தரவு வாங்க வேண்டும். அப்புறம் பெயர்க் குழப்பம். இலங்கையில் அப்பா பெயரை முழுதாக எழுதுவார்கள், இங்கே இனிஷியல் போடுவோம். "சிவபாலன்" ஒரு காகிதத்தில், "எஸ். பாலன்" இன்னொன்றில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு பிரமாணப் பத்திரம்.

அடுத்த வகை, 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் வரை இங்கே பிறந்தவர்கள். இவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளிலும், பெயிண்டிங் வேலைக்குப் போன இடங்களிலும் உள்ளூர்க்காரர்களைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் குடிமக்கள். 1987-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வரலாம். பெற்றோரின் காகிதம் சரியானால் பிள்ளையின் காகிதமும் சரியாகும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சட்டம் இறுகிவிட்டது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" ஆக இருக்கக் கூடாது. உங்கள் வகுப்பு நண்பர் அநேகமாக இந்தக் கடைசி வகையில் மாட்டியிருப்பார். அந்தப் பட்டம் ஒருவர் மேல் விழுந்துவிட்டால் பதிவு மூலமாகவோ, நீண்ட காலம் வாழ்ந்ததை வைத்தோ குடியுரிமை கேட்கும் கதவும் அடைபடுகிறது. முப்பது வருடம் அரசே முகாம் கட்டி, அரிசி போட்டு, செக்கிங் எடுத்துத் தங்க வைத்த ஆட்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்வது எப்படி நியாயம் என்பதுதான் இதில் மையக் கேள்வி. கையெழுத்து இயக்கம் நடத்துவதாக இருந்தால் இந்த ஒரு கேள்விக்காக நடத்துங்கள்.

இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய பாட்டன்மார் நம் ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1948-ல் இலங்கை கொண்டு வந்த சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதி. அந்த மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி காகிதத்தோடு வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். காகிதம் வருவதற்குள் கலவரம் வந்து படகில் ஏறியவர்கள் அகதிகள். தோட்டத்தில் ஒரே லயத்தில் (வரிசை வீட்டில்) வாழ்ந்த அண்ணன் தம்பிகளில் அண்ணன் நீலகிரியில் இந்தியனாகவும் தம்பி முகாமில் வெளிநாட்டவனாகவும் இருக்கிற குடும்பங்கள் உண்டு. 2019 ஜூனில் மதுரைக் கிளை இப்படிப்பட்டவர்களின் மனுக்களைக் கலெக்டர்கள் வாங்கி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முகாமில் யாராவது "எங்க தாத்தா பெருமாள்பட்டுக்காரர்", "எங்க பாட்டிக்கு ஆரணி" என்று சொன்னால் அதைக் கதையாகக் கேட்டுவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள். பழைய கடிதம், தோட்டத்து அட்டை, குலதெய்வக் கோயில் ரசீது எல்லாமே உதவும்.

திரும்பிப் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மறந்துவிடக் கூடாது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு மனத்தடை இருக்கிறது. திரும்பிப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் எங்கோ தோற்றுவிட்டது போல முகம் சுருங்குகிறது. வவுனியாவிலோ மன்னாரிலோ காணி இருக்கிறவர், வயதான அம்மா அங்கே இருக்கிறவர், போகத்தான் நினைப்பார். அவருக்கு வேண்டியது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, வெளியேறும் அனுமதி, பிள்ளைகள் இங்கே படித்ததற்கான சான்றிதழ்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து இந்த வேலைகளில் இருக்கிறது. போவது அவர்களாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முகாம் மக்களை வற்புறுத்தி அனுப்புகிறார்கள் என்று பழ. நெடுமாறன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கும் இதைப் பற்றியதுதான்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. உங்களிடம் இருக்கிற, முகாம் மக்களிடம் இல்லாத சொத்து ஒன்றுதான், குடியுரிமை. அதைப் பயன்படுத்துங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள் மட்டுமே மனுப் போட முடியும். முகாமில் இருப்பவர் தன் சொந்த மனு எங்கே தூங்குகிறது என்றுகூட அந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, நீங்கள் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். தனி ஆள் விவரம் கேட்டால் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். நம் மாவட்டத்தில் இத்தனை ஆண்டுகளில் முகாம்வாசிகளிடமிருந்து எத்தனை குடியுரிமை மனுக்கள் பெறப்பட்டன, எத்தனை மேலே அனுப்பப்பட்டன, எத்தனை திருப்பப்பட்டன, எந்தக் கடிதத்தின் அடிப்படையில் என்று கேளுங்கள். அந்தப் பதில் கையில் வந்த பிறகு நீங்கள் எழுதும் மனுவுக்கு ஒரு வரியில் பதில் எழுதி மூட முடியாது.

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். ஆகவே எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதைவிட எம்.பி.யிடம் போய் மக்களவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். மாநில அரசு தன்னால் முடிந்த பக்கம் ஓரளவு செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். அடிக்கல் நட்டதும் 2023 செப்டம்பரில் வீடுகளைத் திறந்ததும் நம் மேல்மொணவூரில்தான். பழைய பத்துக்குப் பத்து அறையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் வளரும் பெண் சட்டம் படித்தால் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது, வழக்கறிஞர்கள் சட்டம் குடியுரிமை கேட்கிறது. அரசு வேலைத் தேர்வு எழுத முடியாது. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாது. வீடு மாநில அரசு கொடுத்தது, மற்றதெல்லாம் டெல்லியில் இருக்கிறது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தினருக்கு வழி திறந்தார்கள். இலங்கை பட்டியலில் இல்லை. "எங்களையும் அதில் சேருங்கள்" என்று முகாமில் சிலர் கேட்பார்கள். "அந்தச் சட்டமே வேண்டாம்" என்று உங்கள் நண்பர்களில் சிலர் சொல்வார்கள். தமிழக சட்டமன்றமும் 2021 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. என் அபிப்பிராயம், இந்தச் சண்டையை முகாமுக்குள் கொண்டுபோகாதீர்கள். முகாமில் இந்துவும் இருக்கிறார், கிறிஸ்தவரும் இருக்கிறார், இரண்டு பேருக்கும் உதவாத வாதம் எதற்கு? எல்லாக் கட்சி மேடைகளுக்கும் இது பொருந்தும். எந்தக் கொடியின் கீழ் கூட்டம் போட்டாலும், அடுத்த ஆட்சியில் அதற்கு விலை கொடுப்பது முகாம்தான்.

ஊரில் பேசும்போது இரண்டு கேள்விகள் நிச்சயமாக வரும். முதலாவது, "இவங்க எல்லாம் புலிங்கதானே?" வேலூர்க்காரர்களுக்கு 1995 ஆகஸ்ட் மறக்காது. கோட்டைக்குள் இருந்த சிறப்பு முகாமிலிருந்து 43 புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். பெரிய அகழி உள்ள கோட்டையில் சுரங்கமா என்று ஊரே வாய் பிளந்தது. (இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கோட்டையில் அடைப்பது நமக்குப் புதிதும் இல்லை. கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கனை 1816-ல் ஆங்கிலேயர் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவன் நினைவுக்குத்தான்.) சிறப்பு முகாம் வேறு, மறுவாழ்வு முகாம் வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சிறப்பு முகாம் என்பது வழக்குள்ளவர்களை, சந்தேகப்பட்டவர்களை நிர்வாக உத்தரவால் அடைத்து வைக்கும் இடம். ஜாமீன் கிடைத்தவர்களையும் தண்டனை முடிந்தவர்களையும்கூட அங்கே வைப்பது நியாயமா என்பது தனியாகப் போராட வேண்டிய விஷயம். இந்த இரண்டையும் ஒரே நோட்டீசில் போட்டால் இரண்டும் கெடும்.

இரண்டாவது கேள்வி, "இந்தியா தர்மசத்திரமா என்று சுப்ரீம் கோர்ட்டே கேட்டுவிட்டதே?" 2025 மே மாதம் நீதிபதி தீபாங்கர் தத்தா அப்படிச் சொன்னது உண்மை. அந்த வழக்கு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்று, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவிடப்பட்ட ஒருவருடையது. விசாரணையில் வாய்மொழியாக வந்த அந்த வாக்கியம் மேல்மொணவூரில் அமைதியாக வாழும் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு ஆகாது. எனக்கு அந்தச் சொல் வருத்தம்தான், ஆனால் கோபப்பட்டுப் பதில் சொல்வதைவிட வழக்கின் விவரத்தைச் சொன்னால் கேட்பவர் வாயடைத்துப் போகிறார்.

சில எச்சரிக்கைகள். முகாமில் யாருடைய முகத்தையும் வீடியோ எடுத்துப் போடாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை. இலங்கையில் உறவினர் இருப்பவர்களுக்கு அது எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் "நாங்கள் பணம் அனுப்புகிறோம்" என்று அழைப்பு வரும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், மொத்த முயற்சியும் அங்கேயே முடிந்துவிடும். "குடியுரிமை வாங்கித் தருகிறோம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அதைச் சொல்லிக் காசு பறித்தவர்களை அந்த மக்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

இலங்கையர் அல்லாத வேறு நாட்டு அகதிகளும் நம் பக்கம் சிகிச்சைக்கோ வேலைக்கோ வந்து தங்கியிருக்கக்கூடும். அவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் டெல்லி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் 2011 நடைமுறைப்படி நீண்ட கால விசா கேட்கும் வழியும் இருக்கிறது. முகாம் மக்களின் முறை அவர்களுக்குப் பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். உங்கள் நண்பனையும் அவன் பெற்றோரையும் கேளுங்கள், அவர்கள் விரும்பினால் மட்டும் முகாம் தலைவரிடம் போங்கள். ஒரு நோட்டில் குடும்பம் குடும்பமாக எழுதுங்கள்: யார் எங்கே எப்போது பிறந்தார், என்ன சான்று கையில் இருக்கிறது, இங்கே இருக்க விருப்பமா, போக விருப்பமா. அந்த நோட்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம். பிறப்புச் சான்று இல்லாத குழந்தை இருந்தால் அது முதல் வேலை, ஏனென்றால் இங்கே பிறந்த எந்தக் குழந்தையையும், பெற்றோர் யாராக இருந்தாலும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளியில் சேர்க்க மறுத்தால் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள், அது "ஒவ்வொரு குழந்தையும்" என்றுதான் சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஒருவருக்கு ஒரு மனு என்று தனித்தனியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் வக்கீல் போட்டுத் தருவார்கள். நோட்டில் 1987 ஜூலைக்கு முந்தைய தேதியோடு ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும், மற்ற எதற்கும் காத்திருக்காமல் அந்தக் காகிதத்தின் அசலோடு அவரை அங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.